நடுவில் இறங்கிய பெட்டி

மே 9

தங்கச்சிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. ஆறு நாள் உன் வீட்டில் இருந்து உன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தானே வந்தேன். நான் ஊர் திரும்பிய பிறகு நீ எத்தனை தடவை போன் செய்தாய் என்று தெரியும். எடுக்க மாட்டேன். நீ "அக்கா" என்று ஒரு தடவை இழுத்தால் போதும், என் கோபமெல்லாம் கரைந்துவிடும். கடிதத்தில்தான் முழுசாகத் திட்ட முடியும்.

இதை நீ படித்த பிறகு உன் விமானக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் அப்படியே கொடு. அந்த மகானுபாவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

நான் செருப்பு தைக்கிறவள். கால் ஒன்று குட்டை, பாதம் வளைவு, விரல் இல்லை என்று வருகிறவர்களுக்கு அளவெடுத்துத் தைக்கிறேன். என் தங்கச்சி மகளுக்கு, எங்கள் வாலுவுக்கு, இடது கால் மூன்று விரற்கடை குட்டை. வருஷத்துக்கு ஒரு ஜோடி நான்தான் தைத்துக் கொடுக்கிறேன். இந்த வருஷம் பள்ளி விளையாட்டு விழாவில் கொடியைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடக்க அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். போன லீவில் அவள் இங்கே வந்திருந்தபோது நானே எடுத்த அளவில் அதற்காக ஏழு வாரம் தைத்தேன். உயரம் கூடிய பக்கத்தை உள்ளே குடைந்து, இரண்டு செருப்பும் ஒரே எடை வரும்வரை தராசில் வைத்து வைத்துச் சீவினேன். விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் வந்து, அவள் காலில் போட்டுப் பார்த்து, கடைசித் திருத்தம் செய்வதாக ஏற்பாடு.

டிக்கெட் நீ போட்டாய். இங்கிருந்து நடு ஊருக்கு ஒன்று, அங்கிருந்து உன் ஊருக்கு ஒன்று. இரண்டும் உன் கம்பெனி விமானம். கவுன்ட்டரில் இருந்தவர் இரண்டு தாளையும் புரட்டிப் பார்த்தார்.

"ரெண்டும் தனித்தனி டிக்கெட்டாம்மா?"

"ஆமா. ரெண்டும் உங்க விமானம்தானே?"

"கம்பெனி ஒண்ணுதான். டிக்கெட் ரெண்டாச்சே. பெட்டி நடுவுல இறங்கிடும். நீங்க வெளிய போய் எடுத்து மறுபடி போடணும்."

"வெளிய போக எனக்கு விசா இல்லையே."

"அப்போ கையில கொண்டு போங்க."

"உள்ள தோல் வெட்டுற கத்தி, குத்தூசி எல்லாம் இருக்கே. விடுவாங்களா?"

"விட மாட்டாங்க."

"அப்போ நான் என்னதான் பண்ணணும்?"

"ஒரே டிக்கெட்டா வாங்கியிருக்கணும்மா."

அடப்பாவிகளா! வெளியே போய் எடு என்பீர்கள், வெளியே போக விட மாட்டீர்கள். கையில் கொண்டு போ என்பீர்கள், கையில் கொண்டு போக விட மாட்டீர்கள். இந்த விதியை எழுதின புண்ணியவான் ஒரு நாளாவது பெட்டி தூக்கியிருப்பானா?

உன் பெயரைச் சொன்னேன். என் தங்கச்சி உங்கள் தலைமை அலுவலகத்தில் இருக்கிறாள் என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. வரிசையில் பின்னால் இருந்தவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அங்கேயே நின்று உனக்குப் போன் போட்டேன். நீ என்ன சொன்னாய்? "போட்டுடு அக்கா. அங்க என் ஃப்ரெண்டு இருக்கா. ஒரு வார்த்தை சொன்னா அவளே எடுத்து அடுத்த விமானத்துல ஏத்திடுவா. நான் பாத்துக்கறேன்." நம்பிப் போட்டேன்.

நடு ஊரில் விமானம் மாறப் போகும் நடைபாதை மேலே இருக்கிறது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. கீழே பெட்டி சுற்றும் பெல்ட். கைப்பிடியில் நான் கட்டியிருந்த சிவப்புத் துணியோடு என் பெட்டி சுற்றிச் சுற்றி வந்தது. மற்றவர்கள் பெட்டியெல்லாம் போய், அது ஒன்று மட்டும் சுற்றியது. கடைசியில் பெல்ட்டையும் நிறுத்திவிட்டார்கள். நாலு மணி நேரம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு உன் சிநேகிதிக்காகக் காத்திருந்தேன். ஒருத்தியும் வரவில்லை.

வெறும் கையோடு உன் வாசலில் நின்றதும், கருவி இல்லாமல் பழைய செருப்பைக்கூடப் பிரித்து ஒட்ட முடியாமல் உட்கார்ந்திருந்ததும் உனக்குத் தெரியும். உன் சமையலறையில் இருப்பதே ஒரு கத்தி. அது தக்காளியைக்கூட நசுக்கத்தான் செய்யும். போன வருஷத்துச் செருப்பில் வாலுவின் விரல் மடங்கிப் போயிருந்தது. மைதானத்தை ஒரு சுற்று நடந்து பார்த்தாள். பிறகு தானே போய்க் கொடியைப் பக்கத்து வரிசை நெட்டைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பரவால்ல பெரியம்மா" என்றாள். பதிமூன்று வயசுப் பெண் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் சொல்லாமல்கூடக் கிளம்பினேன்.

என் பெட்டி எங்கே?

அக்கா

*

மே 21

அக்கா,

உன் கடிதம் வந்தது. புகார்ப் பிரிவில் கொடுக்கவில்லை. அதில் நீ திட்டியிருப்பது பாதி கம்பெனியை, மீதி என்னை.

முதலில் பெட்டி. நடு ஊரில் உரிமை கோராத பெட்டிகள் வைக்கிற அறையில் இருக்கிறது. பத்திரமாக இருக்கிறது. பயணி வந்து சுங்கத்தில் காட்டாமல் அதை நகர்த்த மாட்டார்கள். நீ போக முடியாது என்பதால் இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். உள்ளே இருப்பதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சாவியோடு உன் ஊர் விமான நிலையக் கவுன்ட்டரில் கொடு. "கத்தி" என்று மட்டும் எழுதாதே, "தொழில் கருவி" என்று எழுது.

இனி என் பக்கத்தையும் கொஞ்சம் கேள். விதி என்பது உன்னை வதைக்க யாரோ உட்கார்ந்து எழுதியது இல்லை. ஒரே டிக்கெட் என்றால் கடைசி ஊர்வரை ஆளுக்கும் பெட்டிக்கும் நாங்கள் பொறுப்பு. இரண்டு டிக்கெட் என்றால் இரண்டு தனிப் பயணம். முதல் விமானம் தாமதமாகி ஆள் அடுத்ததைத் தவறவிட்டால், பெட்டி மட்டும் போய் ஏதோ ஊரில் கிடக்கும். முன்பெல்லாம் கவுன்ட்டரில் இருப்பவர்கள் போனால் போகிறது என்று இரண்டாவது விமானத்தையும் கம்ப்யூட்டரில் கையால் தட்டி, பெட்டியில் சீட்டை ஒட்டி அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போய்த் தொலைந்த பெட்டிகளின் புகார் என் மேஜையில் இடுப்பு உயரம் நின்றது. அதனால்தான் நிறுத்த வேண்டி வந்தது.

சிநேகிதி விஷயம். அவள் அன்று... விடுப்பில் இருந்திருக்கிறாள் போல. எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. நான் என்ன செய்ய?

ஒரே டிக்கெட்டாக ஏன் போடவில்லை என்று கேட்பாய். அந்தத் தேதியில் இல்லை. மூன்று நாள் முன்னால் இருந்தது. அந்த வாரம் அலுவலகத்தில் ஆய்வு, வீட்டில் ஒரு வாய் சோறு போடக்கூட எனக்கு நேரம் இருக்காது என்று நினைத்தேன். இது தப்பா?

உன்மேல் எனக்கும் வருத்தம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் முன்னால், வாலு முன்னால், "உங்கம்மா ஆபீஸ்லதாண்டி பெரிய ஆளு, வீட்டுக்கு ஒண்ணத்துக்கும் உதவ மாட்டா" என்று சொன்னாய். சொல்லிவிட்டு, நான் குளித்துக்கொண்டிருந்தபோது வாடகைக் காரைக் கூப்பிட்டுப் போய்விட்டாய். ஈரத் தலையோடு தெருமுனைவரை ஓடினேன், அக்கா. பக்கத்து வீட்டுக்காரி இன்னும் என்னைப் பார்த்தால் "எல்லாம் சரியாயிடுச்சா?" என்று கேட்கிறாள்.

படிவத்தை உடனே கொடு.

தங்கச்சி

*

ஜூன் 4

தங்கச்சிக்கு,

படிவம் கொடுத்தாயிற்று. தொழில் கருவி என்றுதான் எழுதினேன். கால் வடிவ அச்சுக்கட்டை நாலு, குத்தூசி மூன்று, தொழில் கருவி இரண்டு, பசை டப்பா ஒன்று, செருப்பு ஒரு ஜோடி. "செருப்பு" என்று எழுதும்போது பேனாவை அழுத்தித் தாளில் ஓட்டை போட்டுவிட்டேன். கோபத்தில்தான், வேறொன்றும் இல்லை.

வாங்கிக்கொண்டவர் அதே கவுன்ட்டர்க்காரர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அன்று நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். "நீங்க என்னய்யா பண்ணுவீங்க, எழுதினவன் தலையில இடி விழ" என்றேன். அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, யோசித்தார். பிறகு உள்ளே போய் ஒரு தாள் எடுத்து வந்து கொடுத்தார்.

"எங்கம்மா பெட்டிக்கு மெமோ வாங்கினவன்மா நான். போன மாசம். அவங்களுக்கும் உங்கள மாதிரிதான், ரெண்டு டிக்கெட். கையால தட்டி நேரா அனுப்பிட்டேன். பெட்டி நல்லபடியா போய்ச் சேந்துடுச்சு. எனக்குத்தான் சேரல" என்றார்.

மெமோவின் அடியில் கையெழுத்து. கடைசி எழுத்தை அப்பா மாதிரி கீழே இழுத்து ஒரு சுழி. அந்தச் சுழியை எந்த ஊரில் பார்த்தாலும் எனக்குத் தெரியும். மெமோவோடு இணைத்திருந்த விதித் தாளிலும் அதே கையெழுத்து. "நிறுத்த வேண்டி வந்தது" என்று எழுதியிருந்தாயே, யார் நிறுத்தியது என்று எழுத மட்டும் பேனாவில் மை தீர்ந்துவிட்டதா?

அடியே, அந்தப் புண்ணியவான் நீதானா! ஆறு நாள் உன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து அந்த விதியை எழுதினவனைத் திட்டித் தீர்த்தேனே. எனக்குத் தோசை சுட்டுப் போட்டுக்கொண்டு "ஆமாக்கா, ஆமாக்கா" என்று தலையாட்டினாயே! எப்படி உனக்கு மனசு வந்தது?

விதி எழுதியதற்காக நான் கோபப்படவில்லை. எழுது. அது உன் வேலை. என் பட்டறையிலும் விதி உண்டு. காலை நேரில் பார்க்காமல் நான் யாருக்கும் தைப்பதில்லை. மந்திரியே ஆளனுப்பினாலும் மாட்டேன் என்பேன். ஆனால் மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்வேன்.

உன் சிநேகிதி அன்று விடுப்பு என்று எழுதியிருக்கிறாய். விடுப்பில் இருந்திருக்கிறாள் "போல". நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் சொல். தாள் உன்னிடம் நிறைய இருக்கும்.

அக்கா

*

ஜூன் 17

அக்கா,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினால் விளக்கக் குறிப்பு மாதிரியே வருகிறது. இப்போது வீட்டில், துணி காயப்போடுகிற பின்பக்கப் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவள் விடுப்பில் இல்லை. அன்று முழுக்க வேலையில்தான் இருந்தாள். நான்தான் அவளைக் கூப்பிடவே இல்லை.

உன்னிடம் "பாத்துக்கறேன்" என்று சொல்லிப் போனை வைத்ததும் அவள் எண்ணைத் தட்டினேன். கடைசி எண்ணில் விரல் நின்றுவிட்டது. அந்தக் கவுன்ட்டர்க்காரரின் அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. மருந்தெல்லாம் பெட்டிக்குள். அதனால்தான் நேராக அனுப்பினேன் என்று அவர் பதில் எழுதியிருந்தார். "சொந்தக் காரணங்கள் விதிக்கு விலக்கு ஆகா" என்று நான் எழுதினேன். அவருக்கு வரவேண்டிய சம்பள உயர்வை ஒரு வருஷம் நிறுத்தினேன். அந்தத் தாள் என் மேஜை இழுப்பறையில் அப்போதும் இருந்தது. இப்போது என் அக்கா பெட்டிக்கு நானே சிநேகிதியைக் கூப்பிடுவதா?

அவன் அம்மாவுக்கு ஒரு நியாயம், என் அக்காவுக்கு ஒரு நியாயமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உண்மை அது இல்லை. எங்கள் போன் எல்லாம் பதிவாகும். யாராவது போட்டுக் கேட்டால் நான் என்ன ஆவேன் என்கிற பயம்தான்.

உன்னைத் திரும்பக் கூப்பிட்டு "முடியல அக்கா" என்று சொல்லியிருக்கலாம். நீ இன்னும் கவுன்ட்டரை விட்டு நகர்ந்திருக்க மாட்டாய். அதையும் செய்யவில்லை. ஏதோ ஒரு வழியில் பெட்டி வந்துவிடும் என்று இருந்துவிட்டேன். தினமும் நூறு பேருக்கு "அப்படியெல்லாம் தானாக வராது" என்று பதில் எழுதுகிறவள் நான்.

போன வாரம் வாலு கேட்டாள். "அம்மா, பெரியம்மா பெட்டிக்கு நீ போன் பண்ணியா?" சாதாரணமாகத்தான் கேட்டாள், சீப்பால் தலை வாரிக்கொண்டே. நான் பதில் சொல்வதற்குள் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். சீப்பை வைத்துவிட்டு எழுந்து போனாள். "பரவால்ல" என்றும் சொல்லவில்லை. அவள் அதைச் சொல்லாமல் போனதுதான் என்னைக் கொன்றது.

ஆகஸ்டு ஆறாம் தேதி ஆண்டு விழா. மறுபடி கொடி ஊர்வலம் இருக்கிறது. டீச்சர் இவளைத்தான் கேட்டிருக்கிறார். "எங்க பெரியம்மா வந்தா நடக்கறேன் மிஸ், இல்லன்னா வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே பென்சிலை நேராகப் பிடித்து அவள் பாதம் இரண்டையும் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். என்மேல் உள்ள கோபத்தை நீ எவ்வளவு நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்.

தங்கச்சி

*

ஜூலை 1

தங்கச்சிக்கு,

எனக்குத் தெரியும். மே மாதக் கடைசியிலேயே தெரியும். படிவம் கொடுக்கப் போன அன்று அந்தக் கவுன்ட்டர்க்காரர் என் கண் முன்னால் நடு ஊருக்குப் போன் போட்டார். எடுத்தவள் உன் பெயரைக் கேட்டதும் உன் சிநேகிதி என்று தானே சொன்னாள். "யாரும் என்கிட்ட சொல்லலையே, சொல்லியிருந்தா எடுத்து வச்சிருப்பேனே" என்றாள். அவர் போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் மேஜையில் இருந்த சீட்டுகளை அடுக்கினார். நீயாகச் சொல்கிறாயா என்று பார்க்கத்தான் காத்திருந்தேன். சொல்லிவிட்டாய். நல்லது. இல்லை என்றால் இந்தக் கடிதம் வந்திருக்காது.

அதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. இப்போதுதான் சரியான இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. மூன்று நிமிஷம்! நீ "முடியாது அக்கா, விதி இடம் கொடுக்காது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தக் கவுன்ட்டர் முன்னாலேயே தரையில் உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, செருப்பு இரண்டையும் எடுத்துக் கைப்பையில் போட்டிருப்பேன். கத்தியும் கட்டையும் நடு ஊரிலேயே கிடக்கட்டும், போ என்று விட்டிருப்பேன். மூன்று நிமிஷ வேலை. உன் விதி வாலுவின் கொடியைப் பிடுங்கவில்லை. "பாத்துக்கறேன்" என்று சொன்னாயே, அதுதான் பிடுங்கியது.

பெட்டி முந்தாநாள் வந்தது. சீட்டு மேல் சீட்டு ஒட்டி எனக்கே அடையாளம் தெரியவில்லை. சிவப்புத் துணி மட்டும் இருந்தது. உள்ளே ஒன்றும் போகவில்லை, ஒரு பூட்டு உடைந்ததோடு சரி. செருப்பை எடுத்து நீ அனுப்பிய பாதத்தின் மேல் வைத்தேன். பெருவிரல் கோட்டுக்கு வெளியே போய்விட்டது. இரண்டு மாசத்தில் வளர்ந்துவிட்டாள், கழுதை. ஏழு வார வேலை யார் காலுக்கும் ஆகாமல் என் மேஜையில் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் உன்னைத் திட்டுகிறேன். இன்று காலைக் கணக்குக்கு இரண்டு தடவை.

புது ஜோடிக்குத் தோல் வெட்டியாயிற்று. கடையில் "ஆகஸ்டு வரை புது வேலை எடுப்பதில்லை" என்று அட்டை தொங்கவிட்டிருக்கிறேன். காலை நேரில் பார்க்காமல் தைப்பதில்லை என்று போன கடிதத்தில் வீறாப்புப் பேசினேன். இந்த ஒரு தடவை உன் பென்சில் கோட்டை நம்பித் தைக்கிறேன். கோடு கோணலாக இருந்தால் அங்கே வந்து உன்னைக் கோணலாக்குகிறேன்.

நீ செய்ய வேண்டியது இரண்டு. அந்தக் கவுன்ட்டர்க்காரருக்கு ஒரு கடிதம் எழுது. மெமோவைத் திரும்ப எடு என்று நான் சொல்லவில்லை. அவர் விதியை மீறியது மீறியதுதான், அவரே ஒத்துக்கொள்கிறார். உன் அக்கா பெட்டிக்கு நீ என்ன செய்தாய் என்பதை மட்டும் உள்ளது உள்ளபடி எழுது. அதற்கு மேல் உன் மனசாட்சி. ஆனால் அந்தக் கடிதம் போனால்தான் செருப்பு என்று நான் சொல்ல மாட்டேன். வாலுவின் காலை வைத்துப் பேரம் பேச எனக்கு வாய் வராது.

இன்னொன்று, உன் விதியில் ஒரு வரி சேர். இரண்டு டிக்கெட்டோடு வருகிறவரிடம், "பெட்டி நடுவில் இறங்கிவிடும், வெளியே போக விசா இல்லாவிட்டால் உங்களால் அதை எடுக்க முடியாது, முக்கியமானதை இப்போதே கையில் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கவுன்ட்டரில் சொல்லி, ஐந்து நிமிஷம் நேரம் கொடுக்க வேண்டும். வரிசை முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறக்க ஒரு பெஞ்சு போட்டால் இன்னும் நல்லது.

ஆகஸ்டு மூன்றாம் தேதி வருகிறேன். உன்னை நம்பவில்லை, டிக்கெட்டை நானே எடுத்துவிட்டேன். ஒரே டிக்கெட், கடைசிவரை. பெட்டி கொண்டுவரவில்லை. இரண்டு சேலை, இரண்டு செருப்பு, எல்லாம் கைப்பையில். கைப்பை என் மடியில். பணிப்பெண் வந்து மேலே வைக்கச் சொன்னால் அவளோடும் ஒரு சண்டை இருக்கிறது.

விமான நிலையத்துக்கு வா. வராதே என்று சொல்ல மாட்டேன், எனக்கும் உன் முகத்தைப் பார்க்க வேண்டும் போலத்தான் இருக்கிறது. வாலுவையும் கூட்டி வா. கையை நீட்டிக்கொண்டு வந்து "குடுக்கா, நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிடாதே, சொல்லிவிட்டேன்.

கைப்பையில் கருவி எதுவும் கொண்டுவர முடியாது. கடைசித் திருத்தம் உன் சமையலறையில்தான் நடக்க வேண்டும். அந்த மொக்கைக் கத்தியைத் தீட்டி வை. வாலு போட்டுக்கொண்டு நடந்து பார்க்கட்டும், அவள் சரி என்று சொல்கிறவரை சீவுகிறேன்.

அக்கா